கல்லூரிக் காணொளி நூலகம்: மொரிஷியஸ் வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கல்லூரிகளின் இணையக் காணொளித் தொகுப்புகளைப் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன்.

மாணவர்களுக்கு நான் அனுப்பும் காணொளி இணைப்பு எனக்குத் திறக்கிறது, அவர்களுக்குத் திறப்பதில்லை. ஏன்?
– விரிவுரையாளர், ரோஸ்ஹில்

உலாவியின் மேலே தெரியும் முகவரியை நகலெடுத்து அனுப்பியிருப்பீர்கள். பல தளங்களில் அது நீங்கள் உள்நுழைந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே செல்லும். காணொளிக்கு அருகில் ‘பகிர்’ அல்லது ‘நிலையான இணைப்பு’ என்ற பொத்தான் இருக்கும். அதில் வரும் முகவரியையே அனுப்புங்கள். வீட்டிலிருந்து பார்ப்பவரை அந்த இணைப்பு முதலில் கல்லூரியின் உள்நுழைவுப் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இணைப்பின் தொடக்கத்தில் சேர்க்கவேண்டிய முகவரி ஏதும் உண்டா என்று நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்புமுன் கல்லூரி வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசி டேட்டாவில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

தமிழ் வகுப்பில் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் போட்டால் பிள்ளைகள் பாதியிலேயே கவனம் இழக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– தமிழாசிரியை, காத்ர் போர்ன்

முழுக் காணொளியையும் போடுவதை முதலில் நிறுத்துங்கள், அம்மா. வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்று வளரும் நம் பிள்ளைகளின் காதில் தமிழ் விழும் நேரமே குறைவு. நாற்பது நிமிட உரையில் சீக்கிரமே பொருள் நழுவிவிடும். மீதி வெறும் ஓசைதான். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காணொளி எவ்வளவு நீளமானாலும், மாணவர்கள் அதில் தங்கும் நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. மொழியையே கற்றுக்கொண்டிருப்பவருக்கு 3 நிமிடம் தாராளம் என்பேன்.

நூலகத் தளங்கள் பலவற்றில் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, அந்தத் துண்டுக்கு மட்டும் இணைப்பு எடுக்க முடியும். அதை மூன்று முறை போடுங்கள். முதல்முறை திரையின் கீழே ஓடும் எழுத்துவரிகளே வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை முன்கூட்டியே பலகையில் எழுதிவிடுங்கள்: இவர் யாரோடு, எங்கே போகிறார்? இரண்டாம் முறை தமிழ் வரிகளோடு. பிரெஞ்சு வரிகளைப் போட்டால் கண் அதிலேயே ஓடும், காது ஓய்ந்துவிடும். மூன்றாம் முறை வேகத்தை 0.75க்குக் குறைத்து, அவர்கள் தடுக்கிய இடங்களில் நிறுத்துங்கள்.

தடுக்குவது பெரும்பாலும் பேச்சுத் தமிழில்தான். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று பாடநூலில் படித்த பிள்ளைக்கு, ‘போயிட்டிருக்கேன்’ என்று திரையில் கேட்பது வேறு மொழியாகவே தோன்றும். இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். தானியங்கி வரிகளை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ல, ள, ழ எல்லாம் அவற்றில் தடுமாறும். மூன்று நிமிடத் துண்டென்றால் நீங்களே உட்கார்ந்து திருத்திவிடலாம்.

உங்கள் தொகுப்பில் தமிழ் குறைவாக இருந்தால், 2001இல் சென்னையில் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களைப் பாருங்கள். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே உருவானவை.

மகள் எல்லாப் பாடங்களையும் இரட்டை வேகத்தில் பார்க்கிறாள். மண்டையில் ஏறுமா?
– ஒரு தாய், மோக்கா

தெரிந்த மொழியில் என்றால் பயப்பட வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வில், 2 மடங்கு வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை. 2.5 மடங்கில்தான் சரிந்தது. வேகத்தைவிட, பார்த்து முடித்தபின் என்ன செய்கிறாள் என்பதே எனக்கு முக்கியம். திரையை மூடிவிட்டு, நினைவில் நின்றதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் காட்டினார்கள்.

கல்லூரிக் காணொளியைப் பதிவிறக்கிக் கோயில் ஞாயிறு வகுப்பில் போடலாமா? வாட்ஸ்அப் குழுவில்?
– தொண்டர், ட்ரியோலே

இரண்டும் கூடாது. கல்லூரி வாங்குவது பொதுவாகத் தன் மாணவருக்கும் ஆசிரியருக்குமான உரிமம். கோயில் மண்டபத்தில் திரையிட அது பொருந்தாது, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்ற, படைத்தவரே பகிர அனுமதி தரும் உரிமம் உள்ள காணொளிகளைத் தேடுங்கள், அவற்றைத் தாராளமாகப் பகிரலாம். படைத்தவர் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

மாத டேட்டா பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது.
– மாணவர், குட்லேண்ட்ஸ்

தரத்தை 1080இலிருந்து 480க்கு இறக்குங்கள், தம்பி. செலவு பாதிக்கும் கீழே போகும். கரும்பலகை எழுத்தும் பெரும்பாலும் தெளிவாகவே தெரியும். உரைவடிவம் இருந்தால் அதைப் பேருந்தில் படித்துவிட்டு, புரியாத பகுதியை மட்டும் வளாக வைஃபையில் பாருங்கள்.

சென்ற ஆண்டு பயன்படுத்திய காணொளி இப்போது காணவில்லை.
– ஆசிரியர், கியூர்பிப்

உரிமக் காலம் முடிந்திருக்கும். புதுப்பிப்பதா என்று நூலகம் முடிவு செய்யும்போது பார்வை எண்ணிக்கை பெரிதும் கவனிக்கப்படும். ஒரு வகுப்புக்கு ஒரே முறை போட்ட அருமையான படமும் அதில் அடிபட்டுப் போகும். உங்களுக்கு இன்றியமையாத தலைப்புகளைப் பருவம் தொடங்குமுன்பே எழுத்தில் நூலகரிடம் கொடுத்துவிடுங்கள்.