வரலாறு கேட்கும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் எடுத்த உங்கள் மகள், பி.காம். வேண்டாம், பி.ஏ. வரலாறுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பதாகவும், 'வரலாறு படித்தால் வாத்தியார் வேலையை விட்டால் வேறு என்ன இருக்கிறது' என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உறவினர்களின் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. வரலாற்றுப் பட்டம் மட்டும் கையில் இருந்தால் அது வேலை வாங்கித் தராது. அதனோடு இன்னொன்று சேர வேண்டும். பி.எட்., சட்டம், கல்வெட்டுப் பயிற்சி, பழைய ஆவணங்களைப் பேணும் ஆவணக்காப்பு என்று அந்த இன்னொன்று எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அது எது என்பதைப் பட்டம் வாங்கிய பிறகு யோசிப்பவர்களைவிட, முதலாம் ஆண்டிலேயே ஓரளவு தீர்மானித்துக்கொண்டவர்கள் நன்றாக இருப்பதைத்தான் நான் பார்த்து வருகிறேன்.

முதலில் அந்த வாத்தியார் வேலையையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுவும் நினைத்தவுடன் கிடைப்பதில்லை. பி.ஏ. வரலாற்றோடு இரண்டு ஆண்டு பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும் அதற்குப் பின் நடக்கும் நியமனப் போட்டித் தேர்விலும் தேறினால்தான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராக முடியும். மேல்நிலை வகுப்புகளுக்கு எம்.ஏ.வும் பி.எட்.டும் சேர்ந்து வேண்டும். இளங்கலை, முதுகலை இரண்டும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த மாணவர் ஒருவரிடம், பி.ஏ. வரலாற்றுக்குப் பின் சுற்றுலா மேலாண்மையில் முதுகலை படித்தால் இரண்டு பக்கமும் வழி இருக்கும் என்று நானே சொன்னேன். பின்னர் அவர் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோது இந்த நிபந்தனை குறுக்கே நின்றது; தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. தவறு என்னுடையது. ஆகவே இப்போதெல்லாம் 'வரலாறும் சுற்றுலாவும்' போன்ற பெயரில் ஒரு பட்டத்தைக் கண்டால், அது பி.ஏ. வரலாற்றுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்காமல் விண்ணப்பம் போடச் சொல்வதில்லை. கல்லூரி ஆசிரியப் பணி என்றால் முதுகலையில் 55 சதவீதமும், அதன்மேல் நெட் அல்லது செட் எனப்படும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும்.

அடுத்து, ஐ.ஏ.எஸ். கனவு. வரலாற்றில் சேரும் மாணவர்களில் பலர் அதற்காகத்தான் வருகிறார்கள், பெற்றோரும் உள்ளூர அதையே எதிர்பார்க்கிறார்கள். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் 1750 மதிப்பெண்களில் விருப்பப் பாடத்துக்கு 500 உண்டு. பொது அறிவுத் தாள்களில் முதலாவதிலும் வரலாறும் பண்பாடும் கணிசமாக வரும். விருப்பப் பாடமாக வரலாற்றை எடுத்தால், முதல் தாளின் தொடக்கத்திலேயே ஒரு வரைபடத்தைக் கொடுத்து, 20 தொல்லிடங்களை இனங்காணச் சொல்லி 50 மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டு ஒழுங்காகப் படித்தவருக்கு இதெல்லாம் கைகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் பொறியியல் படித்தவரும் அதே வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்து எழுதலாம்; டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளிலும் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். அதனால் தேர்வுக்காக மட்டும் வரலாற்றில் சேருவதை நான் ஊக்குவிப்பதில்லை. கைடு வாங்கி மனப்பாடம் செய்து பட்டம் பெற்றவரால், காரண காரியத்தோடு இரண்டு பக்கம் சொந்தமாக எழுத முடியாமல் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறொன்று: 'கோயிலுக்குப் போனால் சாமி கும்பிடுவதை விட்டுவிட்டுச் சுவரைப் படிக்கிறாள்.' இதைக் குறையாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஐயா, அந்தச் சுவரைப் படிப்பதே ஒரு தொழில்தான். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதம் இறங்கும்வரை தூரிகையால் அடித்து, பிறகு மை ஒற்றி எடுத்தால் கருநிறத் தளத்தில் எழுத்துகள் வெள்ளையாக எழும். இதை மைப்படி என்பார்கள். படி எடுப்பது ஒரு நாளில் பழகிவிடும், படிப்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகும். பெரும்பாலான கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி இராது, எகர ஏகாரம் ஒரே மாதிரி இருக்கும், இடையிடையே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வரும். அதற்கும் மேல், சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டதால், வெறும் 'கோப்பரகேசரி' என்று இருந்தால் அது எந்த மன்னன் என்று சொல்வது கடினம். உத்திரமேரூரின் இரண்டு கல்வெட்டுகளில் 'மதிரை கொண்ட', அதாவது மதுரையை வென்ற, என்ற அடைமொழி முன்னால் நிற்பதால்தான் அவன் முதலாம் பராந்தகன் என்று துணிகிறோம்; 12, 14 என்ற ஆட்சியாண்டுகளைக் கொண்டு 919, 921 என்று காலம் கணிக்கிறோம்.

இந்தத் துறைக்கு வழி இருக்கிறது, ஆனால் நீளமானது. முதுகலை முடித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை உதவித்தொகையோடு இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. இந்தியத் தொல்லியல் துறையும் கிரேட்டர் நொய்டாவில் இரண்டு ஆண்டுப் பட்டயம் நடத்துகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுக்கும் தொல்லியலுக்கும் தனித்துறையே உண்டு. கீழடிக்குப் பிறகு இந்தப் படிப்பின்மேல் ஆர்வம் பெருகியிருக்கிறது, இடங்களோ எங்கும் குறைவு, பணியிட அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதுமில்லை. பிளஸ் டூவிலிருந்து கணக்கிட்டால் ஏழு ஆண்டு. அத்தனை காலம் வீடு தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தாங்காது என்றால் எம்.ஏ.வுக்குப் பின் பி.எட்.டை இடையில் முடித்துவைப்பது நல்லது.

ஆவணக்காப்புப் பணியைப் பற்றி நம் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. தில்லியில் தேசிய ஆவணக்காப்பகம் இதற்கு ஓராண்டுப் பட்டயம் நடத்துகிறது. சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் தாள்கள் இருக்கின்றன. தஞ்சை மராட்டியர் விட்டுச்சென்ற, மராட்டி மொழிக்கான மோடி என்ற பழைய எழுத்தில் அமைந்த ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. சட்டம் இதைவிட நேரான வழி: எந்தப் பட்டத்துக்குப் பின்னும் மூன்று ஆண்டு எல்.எல்.பி. படிக்கலாம்.

பி.காம். எடுத்துக்கொண்டு வரலாற்றைத் துணைப்பாடமாகப் படிக்கலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் துணைப்பாடத்தைத் துறைதான் முடிவு செய்கிறது. பி.காம்.முக்கு அது பெரும்பாலும் பொருளியலாகவோ புள்ளியியலாகவோ இருக்கும், மாணவர் விருப்பத்துக்கு இடம் சிறிது. மாறாக, பி.ஏ. வரலாற்றில் பொருளியலோ அரசியல் அறிவியலோ துணைப்பாடமாக வருவது இயல்பு; வணிகவியல் படித்து வந்த பெண்ணுக்குப் பொருளியல் தாள் சிரமமாகவும் இராது.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரிகளின் வரலாற்றுத் துறைக்கு ஒருமுறை நேரில் போய்வாருங்கள். துணைப்பாடங்கள் எவை, மாணவர்களைக் களப்பயணமாக எங்கே அழைத்துச் செல்கிறார்கள், கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள், உங்கள் மகளே கேட்கட்டும்.