வாசகர் கேள்வி – பதில்: பனிக்காலத்தில் சைக்கிள்

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வசிக்கிறேன். வேலையிடத்துக்கு ஏழு கிலோமீற்றர் தூரம். குளிர் தொடங்கியபின் தடித்த ஜாக்கெட் அணிந்து சைக்கிளில் சென்றால், போய்ச் சேரும்போது உட்சட்டை நனைந்து உடம்பு நடுங்குகிறது. விரல்களோ வழியிலேயே மரத்துவிடுகின்றன. எப்படி உடுத்த வேண்டும்?

பதில்: தாங்கள் தேவைக்கு மேல் உடுத்துகிறீர்கள். பேருந்துக்குக் காத்து நிற்பவருக்கென்று தைத்த அந்த ஜாக்கெட் வியர்வையை எளிதில் வெளியே விடாது. நனைந்த பருத்தித் துணி மெல்லவே காய்வதால், சிவப்பு விளக்கில் கால் ஊன்றி நிற்கும்போதே அது உடற்சூட்டை இழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே பருத்தியை விலக்கி, உடலோடு ஒட்டிய மெல்லிய மெரினோ கம்பளி உட்சட்டை, அதன்மேல் பிளீஸ் எனப்படும் மென்மயிர்த் துணிச்சட்டை ஒன்று, அதற்கும் மேல் காற்றை மறிப்பதும் அக்குளில் சிப் திறப்பதுமான மேலங்கி என்று மூன்றாகப் பிரித்து அணியுங்கள். வாசலில் இறங்கும்போது சற்றுக் குளிர வேண்டும். அங்கேயே இதமாக இருந்தால் ஒன்றைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.

விரல்களை வாட்டுவது பெரும்பாலும் காற்றுத்தான். வெப்பநிலை -10 பாகையாக இருக்கையில் 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், கனடிய வானிலைத் துறையின் கணக்குப்படி தோலுக்கு அது -18 போல் உறைக்கும். மிதிப்பவரோ காற்றில்லாத நாளிலும் அத்தகைய காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். கைபிடியையும் பிரேக் பிடியையும் சேர்த்து மூடும் பெரிய உறைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை பார்வைக்கு அழகில்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஆயினும் கொடுக்கும் காசுக்கு அவ்வளவு பயன் தரும் பொருள் வேறில்லை என்பது என் கருத்து. அவற்றுக்குள் மெல்லிய கையுறையே பெரும்பாலான நாட்களுக்குப் போதும். இறுகிய சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் மேலும் குளிரும். ஓரளவு பெரிய சப்பாத்தே நல்லது. ஹெல்மெட்டுக்குள் காதை மூடும் மெல்லிய தொப்பி போதும்.

விரல் வெளிறி உணர்வற்றுப் போனால் தேய்க்க வேண்டாம். உள்ளே சென்று இளஞ்சூட்டு நீரில் வையுங்கள். நிறம் திரும்பாவிடில் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: ஆணி பதித்த ரயர் அவசியமா?

பதில்: புதிதாக விழுந்த பனியை விட, பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்து, ஈரத் தார் போலவே தோன்றும் கண்ணாடிப் பனிக்கட்டியே ஆளை வீழ்த்துகிறது. அதன்மேல் சாதாரண ரயர் எதுவும் பிடிக்காது. ஒன்றுக்குத்தான் பணமிருந்தால் முன்சக்கரத்துக்குப் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பலவேளை சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுவதுதான். 20 பாகை அறையில் 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றடித்த ரயர் வெளியே -10 பாகையில் ஏறக்குறைய 52 ஆக இறங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: வேலை முடிந்து திரும்பும்போது இருட்டிவிடுகிறது. விளக்கு கட்டாயமா?

பதில்: ஒன்ராறியோ சட்டப்படி, சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து, உதித்து அரை மணி நேரம் கழியும் வரை முன்விளக்கு எரிய வேண்டும், பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும். டிசம்பர் நடுவில் ரொறன்ரோவில் மாலை 4.45க்கு முன்பே சூரியன் மறைகிறது. குளிரில் பற்றரி விரைவில் தளர்வதால், கழற்றக்கூடிய விளக்கைப் பகலில் வெளியே விடாமல் உள்ளே எடுத்துச் செல்லுங்கள்.