மீசை அரும்பிய பையன் ஹாலோவீனுக்கு மிட்டாய் கேட்டுப் போகலாமா? (கேள்வி பதில்)

அக்டோபர் 31 ஹாலோவீன் மாலையில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போவது அமெரிக்காவில் வழக்கம். அக்டோபர் பிறந்தால் போதும், இங்கே இருக்கும் நம் பெற்றோர் பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள். நான் நியூ ஜெர்சிக்கு வந்து 22 வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகளை இங்கேதான் வளர்த்தேன், நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இந்த வருடம் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டல்லாஸிலிருந்து ஒரு அம்மா: என் பையனுக்கு 14 வயது. எத்தனை வயது வரை போகலாம் என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா அக்கா?

நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லைம்மா. சில ஊர்கள் மட்டும் தனியாக விதி போட்டிருக்கின்றன. வர்ஜீனியாவின் செசபீக் நகரில் 1970-ல் வந்த விதிப்படி, 12 வயதைத் தாண்டியவர் மிட்டாய் கேட்டுப் போனால் குற்றம், ஆறு மாதம் வரை சிறை என்றுகூட எழுதி வைத்திருந்தார்கள். ஊர் முழுக்கக் கேலிக்கு ஆளான பிறகு, 2019-ல் வயதை 14 ஆக்கிச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டார்கள். கனடாவின் பாதர்ஸ்ட் ஊரில் 16 வயதுக்கு மேல் கூடாது என்று 2017-ல் விதித்தார்கள், மீறினால் 200 டாலர் வரை அபராதம். உங்கள் நகராட்சி இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பல ஊர்களில் எத்தனை மணி வரை என்பது மட்டும்தான் இருக்கும்.

அட்லாண்டாவிலிருந்து ஒரு அப்பா: சின்னப் பிள்ளை என்றால் சரி. வளர்ந்த பையன் அடுத்த வீட்டு வாசலில் நின்று கேட்பது பிச்சை எடுப்பது போல இல்லையா?

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது சார், என் வீட்டுக்காரரும் முதலில் இதைத்தான் சொன்னார். ஆனால் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இந்த வழக்கம் இருந்த விதத்தைப் பாருங்கள். வேஷம் கட்டி வருகிறவர்கள் ஒரு பாட்டோ கவிதையோ சொல்லிவிட்டு, ஆப்பிளும் கொட்டைகளும் வாங்கிப் போவார்கள். அயோவாவின் டிமாயின் நகரத்தில் இன்றும் பிள்ளைகள் ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய். நான் திருச்செந்தூர் பக்கத்தவள். குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி, குறவன் என்று வேஷம் போட்டுப் பெரியவர்களே வீடு வீடாகக் காணிக்கை வாங்கி அம்மனுக்குச் செலுத்துவதைப் பார்த்து வளர்ந்தவள். அதை யாரும் பிச்சை என்று சொன்னதில்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. வேஷத்தோடு வாசலில் வந்து நிற்பதில் கேவலம் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

சிகாகோ பக்கத்திலிருந்து ஒருவர்: என்னைவிட உயரமான பசங்கள், சரியாக வேஷம்கூடப் போடாமல் வந்து பையை நீட்டுகிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

கொடுங்கள். எல்லாக் கேள்வியிலும் இதற்குத்தான் நான் அழுத்தமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1920, 30களில் இந்த நாட்டில் ஹாலோவீன் ராத்திரி என்றாலே வாலிபப் பையன்களின் அட்டகாசம்தான். கேட்டைக் கழற்றிக்கொண்டு போவது, ஜன்னலை உடைப்பது, காரைக் கவிழ்ப்பது என்று எல்லை மீறிப் போனது. அடக்க வழி தெரியாத ஊர்ப் பெரியவர்கள் அன்றைக்கு விருந்துகள் நடத்தினார்கள், வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தின்பண்டம் கொடுக்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். வீடு வீடாகப் போகும் பழக்கம் பரவ அதுவும் ஒரு காரணம். போர்க் காலத்துச் சர்க்கரைப் பங்கீடு 1947-ல் முடிந்த பிறகு அது நாடெங்கும் வேரூன்றியது. அந்த வயதுப் பையன்களை வழிக்குக் கொண்டுவர வந்த மிட்டாயை அவர்களுக்கே இல்லை என்று சொல்வது எப்படி நியாயம்?

இன்னொன்று, உயரத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது. நம் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே மீசை அரும்பிவிடுகிறது. என் சின்னவனுக்கு 13 வயதில் குரல் உடைந்தது. அந்த வருடம் ஒரு வீட்டில், "உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் என்னிடம் சொல்லவே இல்லை. அடுத்த அக்டோபரில் வேஷத்துக்குத் துணி எடுக்கலாமா என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அதன் பிறகு அவன் போகவே இல்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

பேசாமல் நிற்கும் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம். வேஷம் இல்லாதவன் வீட்டில் அதற்குக் காசு இல்லாமல் இருக்கலாம். இருபது, முப்பது காசு சாக்லேட்டுக்கு நாம் ஏன் விசாரணை வைக்க வேண்டும்?

சான் ஹோசேயிலிருந்து ஒரு அம்மா: 15 வயது மகள் தோழிகளோடு மட்டும் போகிறேன் என்கிறாள். மிட்டாயில் விஷம், பிளேடு என்றெல்லாம் கேள்விப்படுகிறோமே?

ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் இதைப் பல வருடம் தேடி ஆராய்ந்தவர். முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-ல் டெக்சாஸில் எட்டு வயதுப் பையன் விஷ மிட்டாயால் இறந்தது உண்மை, ஆனால் கொடுத்தது அவன் அப்பாவேதான்.

நீங்கள் பயப்பட வேண்டியது காருக்கு. 42 வருட விபத்துக் கணக்கைப் பார்த்த ஒரு ஆய்வு 2018-ல் வந்தது. மற்ற மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வண்டி மோதி இறக்கும் அபாயம் 43 சதவீதம் அதிகம் என்று அதில் தெரிந்தது. கறுப்பு வேஷம் என்றால் முதுகிலும் பையிலும் ஒளி பிரதிபலிக்கும் டேப் ஒட்டி அனுப்புங்கள்.

அப்புறம், வாசல் விளக்கு எரியாவிட்டால் அங்கே மிட்டாய் கொடுக்கவில்லை என்று அர்த்தம், அந்த வீட்டுக்குப் போகவே வேண்டாம். பொம்மைத் துப்பாக்கியும் வேண்டாம். 1992 அக்டோபரில் லூசியானாவில், ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் விலாசம் தவறி வேறு வீட்டு மணியை அடித்தான். அந்த வீட்டுக்காரர் சுட்டதில் இறந்துபோனான். மாநிற, கறுப்பு நிறப் பிள்ளைகளைப் பெற்ற நாம் இதை மறக்கக் கூடாது. தெரிந்த தெருக்களுக்குள்ளேயே சுற்றி வரச் சொல்லுங்கள்.

அம்மாவின் போனிலிருந்து ஒரு பையன்: ஆன்ட்டி, எனக்கு 15. இந்த வருஷம் போகட்டுமா?

தாராளமாகப் போ கண்ணா. உருப்படியாக ஒரு வேஷம் போடு, பழைய பெட்ஷீட் என்றாலும் பரவாயில்லை. வாசலில் குட்டிகள் நின்றால் அவர்களை முதலில் விடு, முகமூடியைத் தூக்கி முகத்தைக் காட்டி நன்றி சொல்லு. வீட்டுக்காரர்கள் மிட்டாய்க் கிண்ணத்தை வெளியே வைத்துவிட்டுப் போயிருந்தால் ஒன்றே ஒன்று எடு. எங்கள் தெருப் பக்கம் வந்தால் மணியை அடி, எட்டரை வரைக்கும் விளக்கு எரியும்.