அண்ணன் திறந்த பூட்டு

கேள்வி: எங்கள் தமிழ் மன்றத்தின் பொங்கல் விழாவுக்கான தொண்டூழியர் பட்டியலை கூகுள் ஷீட்டில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பேருக்கு எடிட்டர் அனுமதி கொடுத்திருந்தேன். வெள்ளி இரவு பட்டியலை முடித்து லாக் போட்டுவிட்டுப் படுத்தேன். குழுவில் மூத்த அண்ணன் ஒருவர் அதைத் திறந்து, பெயர்களை மாற்றி, மறுபடி லாக் போட்டிருக்கிறார். காலையில் சர்க்கரைப் பொங்கல் அடுப்பருகே நான்கு பேர் நிற்கிறார்கள், பதிவு மேசையில் ஒருவரும் இல்லை. பூட்டும் உரிமை ஓனரான எனக்கு மட்டும் இருக்கும்படி செய்யமுடியாதா? அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அடுப்பைச் சுற்றி நான்கு பேர் கரண்டியோடு நின்ற காட்சியை நினைத்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

கூகுள் டிரைவில் ஃபைலை வலது கிளிக் செய்து போடுகிற லாக்கை எடிட்டர் அனுமதி உள்ள யாரும் திறக்கலாம். ஆக, உங்கள் பட்டியலுக்குப் பன்னிரண்டு சாவிகள் இருந்தன. அண்ணன் எதையும் உடைக்கவில்லை. அன்லாக் என்று திரையில் இருந்தது, தட்டினார்.

உங்களுக்குத் தேவை ஷீட்டுக்குள்ளேயே இருக்கும் பூட்டு. டேட்டா மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' என்பதைத் திறந்து, பட்டியல் உள்ள ஷீட்டைத் தேர்ந்தெடுத்து, யார் திருத்தலாம் என்ற இடத்தில் 'ஒன்லி யூ' என்று வையுங்கள். அங்கேயே 'ஷோ எ வார்னிங்' என்று இன்னொன்றும் இருக்கும். அதில் ஏமாறாதீர்கள். அது ஒருமுறை எச்சரித்துவிட்டு வழிவிட்டுவிடும்.

மற்ற எடிட்டர்கள் நீங்கள் பூட்டாத வேறு பகுதிகளைப் பூட்டுவதை இந்த மெனு தடுக்காது. ஆனால் அவர்கள் எதைப் பூட்டினாலும் ஓனரை வெளியே நிறுத்த முடியாது, நீங்கள் எடுத்துவிடலாம். அதுவும் வேண்டாம் என்றால் அவர்களை கமென்ட்டர் (குறிப்பு மட்டும் எழுதலாம், திருத்த முடியாது) ஆக்கிவிடுங்கள். ஃபைல் லாக்கையே ஓனர் மட்டும் திறக்கும்படி வைக்க, டிரைவின் ஏபிஐ-யில் (நிரல் எழுதி டிரைவை இயக்கும் வழி) 'ஓனர் ரெஸ்ட்ரிக்டட்' என்ற அமைப்பு உண்டு. நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை மன்றத்தில் இருந்தால் கேளுங்கள். பொங்கல் பட்டியலுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்பது என் எண்ணம்.

ஷேர் பெட்டியில் பல்சக்கரக் குறியைத் தட்டி, எடிட்டர்கள் பிறருக்கு அனுமதி கொடுக்கலாம் என்ற டிக்கை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பன்னிரண்டு பேர் இருபது பேர் ஆவார்கள்.

இந்தப் பூட்டு கைவைப்பதைத்தான் தடுக்கும், பார்ப்பதை அல்ல. ஷீட்டைப் பிரதி எடுக்கலாம், அச்சடிக்கலாம். அதனால் பட்டியலில் யாருடைய அடையாள அட்டை எண்ணாவது இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல் இங்கே அதைக் கண்டபடி வாங்கிவைக்கக் கூடாது. அடுப்பைக் கிண்ட அந்த எண் எதற்கு?

இனி அண்ணன். பெயர் மாறிய கட்டத்தில் வலது கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' பாருங்கள். யார், எத்தனை மணிக்கு, முன்பு என்ன இருந்தது என்று வரும். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடாதீர்கள். யாரோ ஒருவர் இரவில் அவரை அழைத்து, "அண்ணே, எனக்கு மேசை வேணாம், அடுப்பு குடுங்க" என்று கேட்டிருப்பார். அவரும் மறுக்க மனமில்லாமல் மாற்றியிருப்பார். முப்பது வருடம் தொண்டு செய்தவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு.

ஆகவே அதே ஃபைலில் 'மாற்றம் வேண்டும்' என்று இரண்டாவது ஷீட் ஒன்றைப் பூட்டாமல் திறந்துவையுங்கள். பிறகு நேரில், ஒரு தே தாரிக் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்து, "அண்ணே, உங்ககிட்ட யார் என்ன கேட்டாலும் இதுல எழுதிடுங்க. ராத்திரி பத்து மணிக்குப் பாத்து நான் மாத்திடுறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி பத்து மணிக்குப் பார்த்துவிட வேண்டும். பத்தேகாலுக்கு அண்ணன் போன் செய்வார்.