55 பிளஸ் குடியிருப்பு: கேட்டவையும் சொன்னவையும்

அமெரிக்காவில் 55 வயது கடந்தவர்களுக்கான குடியிருப்புகளில் வீடு வாங்க நினைக்கும் நம்மவர்கள் கேட்டவை இவை. அப்படியொரு குடியிருப்பில்தான் இருக்கிறேன், அதன் வீட்டு உரிமையாளர் சங்கக் குழுவிலும் இருந்திருக்கிறேன். விசாவும் வரியும் என் துறை இல்லை.

எனக்கு 58, மனைவிக்கு 51. வாங்கலாமா சார்?

பெரும்பாலும் வாங்கலாம். 1995-ல் வந்த ‘ஹோப்பா’ என்ற முதியோர் குடியிருப்புச் சட்டப்படி, ஆள் குடியிருக்கும் வீடுகளில் 80 சதவீதத்திலாவது 55 நிரம்பிய ஒருவர் இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் போதும். சங்கம் இதைவிடக் கடுமையாகவும் விதி வைக்கலாம். 62 பிளஸ் என்று இருந்தால் வீட்டில் எல்லோருக்குமே 62 ஆகியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், 55 ஆகாத உங்கள் மனைவி அங்கேயே இருக்க முடியுமா? பல சங்கங்கள் மீதி 20 சதவீதத்தை இப்படிப்பட்டவர்களுக்காகவே வைத்திருக்கும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. குடியிருப்பின் விதிகள் அடங்கிய ‘சிசிஆர்’ பத்திரத்தில் அந்த வரியைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்பாவுக்கு 79, அம்மாவுக்கு ஞாபகமறதி. அங்கே வீடு எடுத்துக் கொடுத்தால் பார்த்துக்கொள்வார்கள்தானே?

மாட்டார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. வீடு தருவதில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தின் 1988 திருத்தத்தில், முதியோருக்கென்று தனி வசதிகளும் சேவைகளும் இருந்தால்தான் 55 பிளஸ் என்று நடத்தலாம் என்ற நிபந்தனை இருந்தது. 1995-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 55 பிளஸ் என்பது யார் குடியிருக்கலாம் என்ற விதி மட்டுமே. நர்ஸ் கிடையாது, இரவில் எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. குளியலறையில் கைப்பிடிகூட நாமே மாட்டிக்கொள்வதுதான். உங்கள் அம்மாவுக்குத் தேவை மெமரி கேர், அதாவது ஞாபகமறதி உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். குளிப்பாட்ட, உடுத்திவிட, கூடவே இருக்க என்று நீண்டகாலத்துக்கு ஆகும் செலவை, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் தராது. அந்தக் கணக்கை இப்போதே போடுங்கள்.

மாதச் சந்தா மிகக் குறைவாக உள்ள இடம் நல்லதா?

பெரிய பழுதுகளுக்காகச் சங்கம் சேர்த்துவைக்கும் ரிசர்வ் நிதி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். சாலையும் கூரையும் பழுதாகும்போது அதில் பணம் இல்லையென்றால், சிறப்பு வசூல் என்று ஒரே தவணையில் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

கோல்ஃப் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டலாமா?

ஊருக்கு ஊர் விதி மாறும். உள்ளூர்க் காவல்துறையிடம் கேளுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்து தங்கலாமா?

விருந்தாளியாகத் தங்கலாம். வருடத்துக்கு எத்தனை நாள் என்பது பத்திரத்தில் இருக்கும். எங்கள் வாசலில் வருகைச் சீட்டிலேயே கிளம்ப வேண்டிய தேதியை எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

பேத்தி ஆறு மாதம் தங்கலாமா?

மேலே சொன்னதுதான். பத்திரத்தைப் பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கியது என் வீடு. என் பேரப்பிள்ளையை வேண்டாம் என்பது பாகுபாடு இல்லையா? நிறம் பார்த்து மறுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு வீடு மறுக்கக் கூடாது என்பது 1988-ல் சேர்ந்த விதி. 55 பிளஸ் இடங்களுக்கு விலக்கு அந்த ஒன்றில் மட்டும்தான். நிறம், மதம், பிறந்த நாடு பார்த்து மறுத்தால் அவர்களும் சட்டத்தை மீறியவர்களே.

சட்டம் கிடக்கட்டும் ஐயா. பெற்றோர் இல்லாத பிள்ளையைத் தெருவிலா விடுவது?

நியாயமான கேள்வி. அரிசோனாவில் யங்டவுன் என்று ஓர் ஊர், 1954-ல் முதியோருக்கென்றே தொடங்கியது. 1990-களில் ஒரு பதின்வயதுப் பையன், வீட்டில் கொடுமை தாங்காமல் அங்கே தாத்தா பாட்டியிடம் வந்து சேர்ந்தான். ஊர் நிர்வாகம் அபராதம் போட்டது. வழக்கு வளர்ந்து, 1998-ல் அந்த ஊரின் வயது வரம்பே போய்விட்டது.

அமைதி வேண்டும் என்று சேமிப்பையெல்லாம் போட்டு வந்தவர்களின் பக்கம்தான் நான். ஆனால் போக்கிடம் இல்லாமல் வரும் பிள்ளைக்கு அவகாசம் தருவதைச் சட்டம் தடுக்கவில்லை, வீட்டில் 55 நிரம்பிய ஒருவர் இருந்தால் அந்த வீடு 80 சதவீதக் கணக்கில்தான் சேரும். அப்படியொரு விதியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். பேரன் வந்து நின்ற பிறகு ஓடாதீர்கள்.

எனக்கு 44. அப்பாவுக்குப் பிறகு வீடு எனக்கு வருமா?

வரும். சொத்துரிமைக்குப் பொதுவாக வயது வரம்பு இல்லை, குடியிருக்கத்தான் உண்டு. வாடகைக்கு விடலாமா என்பதைப் பத்திரம்தான் சொல்லும். விட்டாலும் வருபவருக்கு வயது ஆகியிருக்க வேண்டும்.

பேரன் தங்குவது பற்றி...

மூன்றாவது முறை. மேலே படியுங்கள்.

மாமாவைப் பார்த்துக்கொள்ள 30 வயதுப் பெண் வீட்டோடு தங்கலாமா?

மாற்றுத்திறனாளிக்கு அவசியமான பராமரிப்பாளர் என்றால் வயதைக் காட்டி மறுக்க முடியாது. மருத்துவரிடம் கடிதம் வாங்கி, அவர் குடிவரும் முன்பே சங்கத்துக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கி வையுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வயதுக் கணக்கெடுப்பு வரும்போது அந்தப் பெண்ணின் பெயரையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.