நுண்பாகப் பொருளியல்: முதலாம் வருட மாணவரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஹட்டன்): ஐயா, உயர்தரத்தில் கலைப்பிரிவில் கற்றேன். கணிதம் அதிகம் தெரியாமல் இப்பாடத்தைத் தொடர முடியுமா?

பதில்: முடியும். தொடக்கத்தில் நேர்கோட்டுச் சமன்பாடும் சாய்வும் போதும். விலையை 'வி' என்போம். கேள்வி (வாங்குவோர் கேட்கும் அளவு) 100 − 2வி, நிரம்பல் (விற்போர் தரும் அளவு) 20 + 2வி எனின், இரண்டும் சமமாகும் சமநிலை விலை 20, கணியம் (அளவு) 60 என்று உங்களால் காண முடிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வகையிடல் என்ற கணித முறையை, இன்னோர் அலகை உற்பத்தி செய்ய ஆகும் மேலதிகச் செலவான எல்லைச் செலவுக்கு வரும்போது பழகிக்கொள்ளலாம்.

கேள்வி (தலவாக்கலை): 2022 இல் தேயிலை உற்பத்தி குறைந்தது; கொழும்பு ஏலத்தில் ரூபாய் விலையோ உயர்ந்தது. விலை உயர்ந்தால் நிரம்பலும் கூடும் என்ற நிரம்பல் விதி பொய்த்துவிட்டதா?

பதில்: இல்லை. ஏனையவை மாறாதிருந்தால் என்பதே அவ்விதியின் நிபந்தனை. அந்த ஆண்டில் மாறாதிருந்தது எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கிய பின்னரும் பசளை எளிதில் கிடைக்காத நிலையில், 2021 இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி மறு ஆண்டு சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. நிரம்பல் வளையி (ஒவ்வொரு விலையிலும் நிரம்பலைக் காட்டும் வரைபடக் கோடு) இடப்புறம் பெயர்ந்தது. அதே வேளையில் ரூபாய் மதிப்பிழந்ததால், டொலர் வைத்திருந்தவர்கள் ஒரு கிலோவுக்குக் கூடுதல் ரூபாய் தரத் தயாராயினர். கேள்வி வளையியும் மேலே பெயர்ந்தது. இரு ஆண்டுகளின் இரு புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, அதையே நிரம்பல் வளையி என்று எழுதும் விடைத்தாள்கள் ஏராளம்.

கேள்வி (நுவரெலியா): கரட் நன்றாக விளையும் போகத்தில்தான் அப்பாவின் வருமானம் குறைகிறது. ஏன்?

பதில்: கரட்டுக்கான கேள்வி நெகிழ்ச்சியற்றது, அதாவது விலை விழும் வீதத்துக்கு ஈடாக வாங்கும் அளவு கூடுவதில்லை என்பதால். எடுத்துக்காட்டாக, விலை 300 ரூபாயிலிருந்து 200 ஆக விழும்போது விற்பனை 100 கிலோவிலிருந்து 120 ஆக மட்டுமே கூடினால், நடுப்புள்ளி முறையில் நெகிழ்ச்சி சுமார் 0.45, வருமானம் 30,000 ரூபாயிலிருந்து 24,000 ஆகிறது. அதற்காக அப்பா மட்டும் குறைத்துப் பயிரிட்டால் சந்தை விலை அசையாது.

கேள்வி (பதுளை): சமநிலைக்கு மேலான குறைந்தபட்சக் கூலி வேலையின்மையை உண்டாக்கும் என்று விரிவுரையில் கற்றோம். அப்படியானால் 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1000 ரூபாய் ஆக்கியது தவறா?

பதில்: அம்முடிவு, தனியொருவரால் விலையையோ கூலியையோ தீர்மானிக்க முடியாத நிறைபோட்டிச் சந்தைக்கு உரியது. லயத்து வீடு (தோட்டம் தரும் வரிசை வீடு) வேலையோடு பிணைந்திருந்த தோட்டத்தில், வேறு தோட்டத்தில் வேலை தேடினால் குடும்பமே பெயர வேண்டியிருந்தது. கம்பனி கொழும்பு ஏலத்தில் விலையை ஏற்பவராகவும், தோட்டத்துக்குள் கூலியைத் தீர்மானிப்பவராகவும் இருந்தது. வாங்குபவர் ஒருவரே என்ற இத்தகைய கொள்வோன் முற்றுரிமையைப் பொருளியலாளர் ஜோன் ரொபின்சன் 1933 இல் பகுத்தாய்ந்தார்: ஒருவரைக் கூடுதலாகச் சேர்ப்பதற்கு ஏற்கெனவே உள்ளோர் அனைவரின் கூலியையும் உயர்த்த நேர்வதால், முதலாளி குறைவானோரையே சேர்ப்பார்; அந்நிலையில் சட்டம் கூலியை ஓரளவு உயர்த்தினால் கூலியும் வேலையும் ஒருங்கே கூடலாம். அளவு மீறினால் பழைய முடிவே திரும்பும். இளையோர் கொழும்புக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்லும் இக்காலத்தில் அந்த அதிகாரம் தேய்ந்துவிட்டது என்பது என் கருத்து. மேலும், நாட்சம்பளம் உயர்ந்தாலும், முழுப்பேருக்குப் (முழு நாட்சம்பளத்துக்கு) பறிக்க வேண்டிய கிலோவும் கூடி, அதை எட்டாதவருக்கு அரைப்பேர் (அரை நாட்சம்பளம்) விழுமானால், ஒரு கிலோ கொழுந்துக்கான கூலி உயராமலே போகலாம். ஆகவே நிலைக்குத்து அச்சில் எந்தக் கூலியைக் குறிக்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

கேள்வி (அதே மாணவர்): பரீட்சையில் எதை எழுதுவது?

பதில்: வினாவில் நிறைபோட்டி என்றிருந்தால் அதையே எழுதுங்கள். இல்லையெனில் உங்கள் எடுகோளை முதல் வரியில் எழுதிவிட்டு வரைபடத்தைத் தொடங்குங்கள்.