பழைய மதராஸ் படையின் வரலாற்றை ஆராய எங்கிருந்து தொடங்குவது?

மதராஸ் படை, அதாவது ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்துக்கென இருந்த படை, பற்றி எழுத நினைப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டியது டபிள்யூ. ஜே. வில்சன் எழுதிய வரலாற்று நூல். 1882 முதல் 1889 வரை சென்னை அரசு அச்சகம் பல தொகுதிகளாக வெளியிட்டது. எந்தப் படைப்பிரிவு எப்போது உருவானது, எப்போது பெயர் மாறியது என்பதெல்லாம் அதில் கிடைக்கும். ஆனால் வில்சனே படை அதிகாரி. அரசு ஆவணம் என்ன சொல்கிறதோ அதுதான் அவருக்கு வரலாறு. சிப்பாய் என்ன நினைத்தான் என்று அதில் தேடாதீர்கள்.

அதற்கு 1806 வேலூர் எழுச்சியைப் பாருங்கள். புதிய தலைப்பாகையில் தோல் குஞ்சம், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. பிறகு நடந்த விசாரணையில் சிப்பாய்கள் தந்த வாக்குமூலங்கள் பதிவாகியுள்ளன. சரி, இங்கே ஒரு சிக்கல்: அவர்கள் பேசியது தமிழிலோ உருதுவிலோ இருக்கலாம், நாம் படிப்பது ஆங்கிலத்தில். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு எழுத்தர். போதாததற்கு, உயிருக்குப் பயந்தவன் தந்த வாக்குமூலம். ஒவ்வொரு வரியையும் இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

மூல ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அப்புறம் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனித்த ஆங்கிலேய அரசு அலுவலகம்) பதிவுகள். ஒரே கடிதத்தின் நகல் இரண்டு இடத்திலும் இருக்கக்கூடும் என்பதால், முதலில் எழும்பூருக்கே போங்கள். விமானச் செலவு மிச்சம்.